விசாவுக்குக் கெடு இருக்கும்போது காப்பகப் பூனையைத் தத்தெடுக்கலாமா?

7 செப்டம்பர் 2025: ஒரு வாசகியின் கேள்வி

நானும் என் கணவரும் கோவையிலிருந்து லண்டனுக்கு வந்து ஓராண்டாகிறது. விசா இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கிறது; அதற்குப் பிறகு நிறுவனம் நீட்டித்துத் தருமா என்று சொல்ல முடியாது. ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீடு, சைவச் சமையல், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காப்பகத்திலிருந்து ஒரு பூனையைத் தத்தெடுத்துக்கொண்டு, ஊர் திரும்பும் நேரத்தில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிட்டால் போயிற்று என்கிறார் தோழி. எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. இங்கே அனுபவப்பட்டவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

8 செப்டம்பர் 2025

உங்கள் மனம் சொல்வதுதான் சரி. வீட்டுப் பூனை பதினைந்து ஆண்டுகள் வாழும். இருபதைத் தொடுவதும் உண்டு. இரண்டு ஆண்டு விசாவை வைத்துக்கொண்டு அந்த வாக்கை யாராலும் கொடுக்க முடியாது. ஊர் திரும்பும் கடைசி மாதத்தில் வீட்டைக் காலி செய்வது, பெட்டி கட்டுவது, வங்கிக் கணக்கை முடிப்பது என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போது, பூனையை யார் எடுத்துக்கொள்வார் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கைமாறும் பூனைகளில் சில கடைசியில் காப்பகத்துக்கே திரும்பி வருகின்றன.

நீங்கள் ஃபாஸ்டர் செய்யுங்கள். காப்பகத்துப் பூனையை, அதற்கு நிலையான வீடு கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பதுதான் இது. சில வாரங்களில் முடியலாம், பல மாதங்களும் ஆகலாம். பூனை சட்டப்படி காப்பகத்துக்கே சொந்தம். மருத்துவச் செலவு அவர்களுடையது. உணவும் கழிவுத் தட்டில் நிரப்பும் லிட்டர் மண்ணும் பெரும்பாலான இடங்களில் அவர்களே தருவார்கள். அறுவைச் சிகிச்சை வேண்டுமா, யாரிடம் கொடுப்பது என்ற முடிவுகளும் அவர்களுடையவை. உங்களுடையது இடம், நேரம், கவனிப்பு. இது தத்தெடுப்பின் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இது தனி வேலை. எப்போது திரும்புவோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நம்மைப் போன்றவர்கள் மனச்சாட்சி உறுத்தாமல் செய்யக்கூடிய வேலை.

இந்த நாட்டில் இதற்கான அமைப்புகளுக்குக் குறைவில்லை. விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ. 1824-இல் தொடங்கியது. பாட்டர்சீ காப்பகம் 1860-இல் நாய்களுக்காகத் தொடங்கி, 1883 முதல் பூனைகளையும் ஏற்றது. பூனைகளுக்காகவே 1927-இல் தோன்றியது கேட்ஸ் புரொடக்‌ஷன். இவை தவிர ஒவ்வொரு வட்டாரத்திலும் தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய குழுக்கள் இருக்கின்றன; அவற்றில் சிலவற்றுக்குக் கட்டடமே கிடையாது, எல்லாப் பூனைகளும் ஃபாஸ்டர் வீடுகளில்தான் வாழ்கின்றன. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை குட்டிகள் வந்து குவியும்; அப்போது இடம் தருபவருக்கு எல்லாரும் நன்றி சொல்வார்கள்.

பூனைக்கென்று ஒரு தனி அறை இருந்தால் நல்லது.

8 செப்டம்பர் 2025, இரவு

வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், அதைக் கேட்காதீர்கள். வாடகைதாரர் என்றால் பெரும்பாலான காப்பகங்கள் முதலில் அந்தக் கடிதத்தைத்தான் கேட்கும். உரிமையாளர் பூனைக்கென்று தனி முன்பணம் கேட்டால், 2019-ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம் நினைவிருக்கட்டும்: இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், மொத்த முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. பூனையைக் காரணம் காட்டி அதற்கு மேல் வாங்க முடியாது.

13 செப்டம்பர் 2025

சைவ வீடு பற்றிக் கேட்டவர்கள் பலர். நானும் சைவம்தான். என் தட்டில் இறைச்சி வராது. என் வீட்டுப் பூனையின் தட்டில் வரும். இதில் எனக்கு எந்த மனக்குழப்பமும் இல்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

பூனை இறைச்சியை உண்டே தீர வேண்டிய பிராணி. டாரின் என்ற பொருளை அதன் உடல் போதிய அளவில் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கிறது, பருப்பிலும் சோற்றிலும் இல்லை. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு கடையில் விற்கும் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள், அந்த நோயும் அரிதாகிவிட்டது. ஊரில் தயிர்ச்சோறு தின்று வளர்ந்த பூனையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது எலியும் பல்லியும் பிடித்துத் தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது. லண்டன் அடுக்குமாடி வீட்டில் பூட்டிவைத்த பூனைக்கு அந்த வழி இல்லை.

நடைமுறையில் இது கடினமும் இல்லை. உலர் உணவு என்றால் கையில் எதுவும் படாது, வாடையும் குறைவு. ஈர உணவுப் பொட்டலத்தைக் கத்தரித்துப் பிதுக்கிவிடலாம். பூனையின் கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் தனி ஸ்பாஞ்சு, தனி அலமாரித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் மனம் ஒப்பாவிட்டால் பூனையை எடுக்காதீர்கள். முயலை ஃபாஸ்டர் செய்யவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள், முயலுக்கு உலர்ந்த புல்லும் கீரையும் போதும்.

14 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது, நம் வீடுகளில் மட்டும் இருக்கும் ஆபத்துகள். பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் அந்துருண்டை பூனைக்கு நஞ்சு. பூசைக் கற்பூரமும் அப்படியே. நீலகிரித் தைலத்தைத் தடவிய கையோடு பூனையைத் தொடாதீர்கள். ரோமத்தில் பட்டதை அது நக்கி விழுங்கிவிடும். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஆகவே குழம்பில் கிடந்த துண்டை அன்பாக ஊட்ட வேண்டாம். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும். பூங்கொத்துகளில் லில்லி இருந்தால் அது வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. இதழ், இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் எதுவானாலும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மல்லிகைக்குத் தடை இல்லை.

28 செப்டம்பர் 2025

இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் பூனையைப் பற்றிச் சொல்கிறேன். கறுப்பும் செம்பழுப்பும் கலந்த நிறம், வயது பன்னிரண்டு. அவளை வளர்த்த மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்ததால் காப்பகத்துக்கு வந்தவள். கூண்டில் இருந்த நாள்களில், கழிவுத் தட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். அவளுடைய அட்டையில் "ஒதுங்கியிருப்பவள், தொடவிடமாட்டாள்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் அடுத்த கூண்டுக்கு நகர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்களிடம் வந்ததும் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துவிட்டு விலகிவிட்டோம். அவள் நேரே துணி அலமாரிக்குக் கீழே போனாள். குனிந்து பார்க்கவில்லை, கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. உணவை அருகே வைத்துவிட்டு, அதே அறையில் தரையில் உட்கார்ந்து நான் அலுவலக வேலையைப் பார்த்தேன். முதல் சில நாள்கள் எல்லாரும் உறங்கிய பிறகுதான் கிண்ணம் காலியாகும். அப்போது நான் கவனித்தது மூன்று விஷயங்களை: சாப்பிட்டாளா, சிறுநீர் கழித்தாளா, மலம் கழித்தாளா. இரண்டு மூன்று நாள்கள் பூனை எதையும் உண்ணாவிட்டால், குறிப்பாகப் பருமனான பூனை என்றால், உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். முழுதாக ஒரு நாள் வாய் வைக்காவிட்டாலே காப்பகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஆண் பூனை கழிவுத் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்கிக்கொண்டு சிறுநீர் வராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

இவளுக்குத் தைராய்டு அதிகம் சுரக்கிறது. வயதான பூனைகளுக்குப் பரவலாக வருவதுதான். நன்றாகத் தின்றும் எடை குறைந்துகொண்டே போனது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது எங்கள் சமையலறைத் தராசு. தராசின் மேல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தால் பூனை தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில் எடையைக் குறித்துவைத்தேன். இப்போது காலையும் மாலையும் மாத்திரை. பசைபோன்ற தின்பண்டத்தில் உருட்டிக் கொடுத்தால், உருண்டையை நாக்கால் புரட்டிப் பசையை மட்டும் வழித்துவிட்டு, மாத்திரையைப் பளபளவென்று பாயில் விட்டுவிட்டுப் போவாள். மாத்திரை இல்லாத உருண்டை முதலில், மாத்திரை உள்ளது அடுத்தது, மூன்றாவதை அவள் கண்ணெதிரே கையில் பிடித்தபடி நிற்பது என்று மாற்றிய பிறகு, மூன்றாவதன் அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடுகிறாள்.

"தொடவிடமாட்டாள்" என்று எழுதப்பட்டவள் இப்போது காதுக்குப் பின்னால் சொறிந்துவிடும்வரை நகர மறுக்கிறாள். முதுகின் பின்பகுதியைத் தொட்டால் மட்டும் வால் துடிக்கும், உடனே கையை எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வரி, அவளை எடுக்கப்போகும் குடும்பத்துக்கு எத்தனை கீறல்களை மிச்சப்படுத்தும்! ஃபாஸ்டர் வீட்டின் பெரும்பயன் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூண்டுக்குள் பூனை தன் பயத்தை மட்டுமே காட்டுகிறது. அதன் குணத்தை ஒருவர் வீட்டில் வைத்துப் பார்த்து எழுதித் தந்தால்தான் பொருத்தமான வீடு அமையும்.

5 அக்டோபர் 2025

கேள்வி கேட்டவர் தனி அறை இல்லையே என்று வருந்தி எழுதியிருக்கிறார். முதல் குறிப்பில் நான் தனி அறை என்று எழுதியதைத் தளர்த்திக்கொள்கிறேன். இரண்டாவது கழிவறை இருந்தால் அது போதும். அதுவும் இல்லாவிட்டால், படுக்கையறையின் ஒரு மூலையில் துணி போர்த்திய மேசைக்கு அடியில் இடம் ஒதுக்கினால்கூட ஒற்றைப் பூனைக்குப் போதுமானது. கூண்டைவிட அது எவ்வளவோ விசாலம். வேறு செல்லப்பிராணி வீட்டில் இருந்தால்தான் கதவு போட்ட அறை கட்டாயம், தொற்று பரவக்கூடாது என்பதற்காக.

கண் சிமிட்டுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பூனையைப் பார்த்து மெல்ல இமைகளைத் தாழ்த்தித் திறந்தால் அதுவும் அவ்வாறே செய்யும், அருகிலும் வரும் என்று சஸெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். அலமாரிக்கடியில் கிடந்தவளிடம் நான் முதலில் பேசியது அந்த மொழியில்தான்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. ஃபாஸ்டர் பூனை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அவசரமாகச் சொல்ல வேண்டியது. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வெம்பிளியிலும் இன்றிரவே வெடிச்சத்தம் தொடங்கிவிடும். இந்த நாட்டில் இரவு 11 மணிக்குமேல் வெடிக்கத் தடை. தீபாவளி இரவில் அதிகாலை 1 மணிவரையும், இங்குள்ளவர்கள் வெடி வெடித்துக் கொண்டாடும் நவம்பர் 5 பான்ஃபயர் இரவில் நள்ளிரவுவரையும் விலக்கு உண்டு. தீபாவளிக்கும் பான்ஃபயர் இரவுக்கும் இடையில் அநேகமாக ஒவ்வொரு மாலையும் எங்காவது வெடிக்கும். ஆகவே இதை ஒரு நாள் தொல்லையாக நினைக்காமல் ஒரு பருவமாக நினைத்துத் தயாராகுங்கள்.

இருட்டுவதற்கு முன்பே சன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள மறைவிடம் இருக்கட்டும். அங்கிருந்து பூனையை வெளியே எடுத்து மடியில் வைத்துத் தேற்ற முயலாதீர்கள். தொலைக்காட்சியோ நாதஸ்வரமோ மிதமான ஒலியில் ஓடட்டும். விருந்தினர் வருவதாக இருந்தால், பலகாரத் தட்டோடு ஒருவர் நுழையும் அந்த நொடியில்தான் பூனை வாசலைத் தாண்டும். பூனையை உள்ளறையில் வைத்துக் கதவை மூடி, கதவில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், இருபது வாரம் நிறைந்த வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) கட்டாயம், மீறினால் 500 பவுண்டுவரை அபராதம். காப்பகப் பூனைக்குச் சிப் இருக்கும். ஆனால் அதில் காப்பகத்தின் எண்தான் பதிவாகியிருக்கும் என்பதால், பூனை தப்பினால் முதல் அழைப்பு அவர்களுக்குப் போக வேண்டும்.

2 நவம்பர் 2025

வீட்டு அனுமதி பற்றி எழுதியதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் அக்டோபர் 27-இல் அரச ஒப்புதல் பெற்றுவிட்டது. அது நடைமுறைக்கு வந்த பிறகு, இங்கிலாந்தில் செல்லப்பிராணி வைத்துக்கொள்ள வாடகைதாரர் எழுத்தில் கேட்டால், தக்க காரணமின்றி உரிமையாளர் மறுக்க முடியாது. எழுதிக் கேட்பது என்ற பழக்கத்துக்கு இனிச் சட்டமும் துணை நிற்கும்.

16 நவம்பர் 2025

ஊரிலிருந்து பெற்றோர் வரப்போகிறார்கள், பூனை கீறினால் ஊசி போட வேண்டுமா என்று பயப்படுகிறார்கள் என ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்; இந்தியாவில் அது நியாயமான பயம். பிரிட்டனில் தரைவாழ் விலங்குகளிடம் வெறிநோய் இல்லை. ஆனாலும் பூனைக்கடி சாதாரணமானதும் இல்லை: பல் ஊசிபோல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிட்டு, மேலே தோல் மூடிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, மூட்டிலோ கையிலோ கடி பட்டிருந்தால் அன்றே 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர் வீட்டில் பூனை கூடாது என்று மாமியார்கள் சொல்வது பற்றியும் கேட்டார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவரும். வெளிவந்து ஒன்றிலிருந்து ஐந்து நாள்கள் கழித்தே அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே கழிவுத் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி அபாயம் நீங்கிவிடும். கழுவாத கீரையிலும் தோட்டத்து மண்ணிலும் வேகாத இறைச்சியிலும் அதே ஒட்டுண்ணி இருக்கிறது. இன்னொன்று: எங்கள் பூனைக்குத் தரும் தைராய்டு மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற பூனையைத் தருவார்கள்.

7 டிசம்பர் 2025

மதுரையில் விட்டுவந்த சொந்தப் பூனையை இங்கே கொண்டுவரலாமா என்று ஒருவரும், இங்குள்ள பூனையை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று இன்னொருவரும் கேட்கிறார்கள். இரண்டுமே முடியும், இரண்டுமே நெடிய வேலை. இந்தியாவிலிருந்து வர, முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, குறைந்தது 30 நாள்கள் கழித்து இரத்தப் பரிசோதனை, பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. விமானத்தில் உங்களோடு இருக்கையில் வர முடியாது, சரக்காகத்தான் வரும். இந்தியாவுக்குக் கொண்டுபோவதில், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புவோருக்கு, ஆளுக்கு இரண்டு செல்லப்பிராணிகள்வரை வழி திறந்திருக்கிறது. மதுரைப் பூனைக்காக இத்தனையும் செய்பவர்களை நான் மதிக்கிறேன். அது ஏற்கெனவே உங்கள் பூனை. ஆனால் பன்னிரண்டு வயது லண்டன் பூனையைப் பத்து மணிநேரம் சரக்கறையில் அடைத்து, மாசி வெயிலில் சென்னையில் இறக்குவதை, அவளுக்குச் செய்யும் நன்மையாக என்னால் பார்க்க முடியவில்லை.

18 ஜனவரி 2026

அவளுக்கு வீடு அமைந்துவிட்டது. பணி ஓய்வு பெற்ற ஒருவர். நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர், முன்பு வளர்த்த பூனைக்கும் தைராய்டு மாத்திரை கொடுத்துப் பழகியவர். காப்பகம் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் எழுதித் தந்த குறிப்பேடு காரணமாக இருந்தது என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். மூன்று உருண்டை முறை, வாலின் எச்சரிக்கை, வார எடை, வெடிச்சத்தத்தின்போது அவள் போய் ஒளியும் இடம், எல்லாம் அதில் இருந்தன. அவள் படுத்த போர்வையைத் துவைக்காமல் அப்படியே அனுப்பினேன்; புது வீட்டில் தெரிந்த வாசனை ஒன்று வேண்டும்.

பிரிவு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அழுதேன். அவளை நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று இரண்டு பேரும் பலமுறை பேசினோம். வைத்துக்கொண்டிருந்தால் எங்கள் விசா முடியும்போது அவள் பதினான்கு வயதில் மூன்றாவது வீடு தேட வேண்டியிருந்திருக்கும். பிரிவின் வலியை நாங்கள் இப்போது தாங்கிக்கொள்வதா, அவள் அப்போது தாங்குவதா என்று பார்த்தால் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் இதை லேசான விஷயமாக யாருக்கும் சொல்லமாட்டேன். இழப்பிலிருந்து அண்மையில் மீண்டவர்கள், கொஞ்சம் காலம் விட்டுத் தொடங்குங்கள்.

8 பிப்ரவரி 2026

கேள்வி கேட்டவர் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாராம். விசா முடியும் மாதத்தை எழுதினால் நிராகரித்துவிடுவார்களோ என்று தயங்குகிறார். எழுதுங்கள். தத்தெடுப்புக்கு அது தடையாகலாம்; ஃபாஸ்டருக்கு அது தகவல் மட்டுமே, ஊருக்கு விடுமுறையில் போகும் வாரங்களைச் சொல்வதுபோல. இருவரும் அலுவலகம் போகும் நாள்களையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டிய தாயற்ற குட்டிகளை உங்களுக்குத் தரமாட்டார்கள்; அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தவும் பொருந்தாது. வளர்ந்த, அமைதியான, பகலில் உறங்கும் பூனையைக் கேளுங்கள். வாடகை வீட்டுக்கான செல்லப்பிராணி விதி மே 1-இல் நடைமுறைக்கு வருகிறது. உரிமையாளர் 28 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் மே மாதம் மீண்டும் எழுதுங்கள்.

வீட்டைப் பார்க்க வருபவர்கள் சன்னல் தாழ்ப்பாளையும் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும்தான் முதலில் பார்ப்பார்கள். அவற்றை இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள்.